எடை

படகை வாங்கிப்போனவர் ஒரு பல்மருத்துவர்.
பணத்தை இரண்டு முறை எண்ணினான் சந்தியாகு.
மூன்றாம் முறை தொடங்கியபோது
நான் சாவியைக் கொடுத்துவிட்டேன்.
பாய்ப்படகுக்கும் ஒரு சாவி உண்டு, உள்ளறைக் கதவுக்கு.
காற்றுக்குப் பூட்டு ஏது ரெஜினாள் என்பான்.
பதினோரு வருடமாக அதே ஜோக்.

இன்று வெள்ளி.
சித்ராவிலிருந்து கிளம்புகிறோம்
(அது பஹ்ரைனில் ஒரு ஊர், பெண் இல்லை;
அம்மா போனில் இன்னும் நம்ப மறுக்கிறாள்).
புதுப் படகுக்கு இரட்டை எஞ்சின்.
பின்னால் இருந்து பார்த்தால்
இரண்டு எருமைகள்
தலையை முக்கித் தண்ணீர் குடிப்பதுபோல் இருக்கிறது.

கரைக்காவல் சாவடியில்
கேப்டன் யார் என்று கேட்டார்கள்.
சந்தியாகுவுக்குத் தோளில் தையல் பிரித்து ஆறு வாரம்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான், என்றேன்.
என் அடையாள அட்டையை
கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார்கள்.

சொல்லிவிடுகிறேன்:
பாய்ப்படகில் என் வேலை எடை.
காற்று வரும் பக்கம் உட்கார்.
சாய்ந்தால் உடம்பை வெளியே தள்ளு.
'திரும்புறேன்' என்று குரல் வந்ததும் குனி,
தலைக்கு மேல் குறுக்குக்கட்டை போகும்,
தவழ்ந்து மறுபக்கம் போய் உட்கார்.
ஐம்பத்தெட்டு கிலோவில் சேர்ந்தேன்,
அறுபத்தொன்பதில் முடித்தேன்.
ஷமால் அடிக்கும்போது உதவும் என்றான் ஒருமுறை.
சிரித்தேன்.
அந்த வாரம் முழுக்க வெறும் சப்பாத்தி தின்றேன்.

நன்றாக இல்லாமலும் இல்லை.
ஆஞ்சான் கயிறு கிறீச்சிட்டு ஏறி
பாய் ஒரே அறையாகக் காற்றைப் பிடித்ததும்
குட்டி எஞ்சினை அணைப்பான்.
அப்புறம் வரும் ஒன்று.
அதற்குச் சொல் தேடித் தோற்றிருக்கிறேன்,
தோற்றதில் எனக்குக் குறை இல்லை.
ஆனால் ஆகஸ்டும் உண்டு.
நான்கு மணி நேரம்
அதே சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கி,
அதே இடத்தில்.
தர்பூசணி கையில் வெந்துகொண்டிருக்கும்.

கைப்பிடியை முன்னால் தள்ளினேன்.
மூக்கு எழுந்தது,
வானம் மட்டும் தெரிந்தது ஒரு கணம்,
பிறகு கடலின் மேல் படிந்தது படகு
இஸ்திரிப் பெட்டிபோல.
பெட்ரோல் கணக்கைக் கத்திச் சொல்கிறான் சந்தியாகு.
எனக்கு 'பெட்' மட்டும் கேட்டது.

அவன் விரல்கள்
இல்லாத தாமானைத் தேடுகின்றன.
கடைசியில் சாப்பாட்டுப் பையின் நாடா அகப்பட்டது.
காற்று கூடினால் இறுக்குகிறான்,
தணிந்தால் விடுகிறான்.
பை என்ன செய்யும் பாவம்.

ஜராதா, வற்றம் வரும்போது மட்டும்
தலை காட்டும் மணல்திட்டு.
பழைய படகின் அடியில்
ஒன்றரை மீட்டர் இரும்பு நாக்கு,
அருகே போக விடாது.
பதினோரு வருடம் தொலைநோக்கியில் பார்த்தோம்
யார் யாரோ கோழி சுடுவதை.
இன்று நாற்பது நிமிடம்.
அணைத்தேன்.
காதில் எஞ்சின் இன்னும் ஓடியது கொஞ்ச நேரம்.
இறங்கினால் முழங்கால் தண்ணீர்,
காலடியில் மணல், வரிவரியாய், கெட்டியாய்.
யாருடைய எலுமிச்சைத் தோலோ கிடந்தது.

சந்தியாகு வடக்கே பார்த்தான்,
'பன்னிரண்டு நாட் இருக்கும்' என்றான்,
'நல்ல காற்று.'
இருக்கட்டும் என்றேன்.
முட்டை உரித்துக் கொடுத்தேன்.
ஒரு கையால் தின்றான்.

திரும்பும்போது
ஒரு கப்பல் விட்டுப்போன அலை குறுக்கே வந்தது.
சுக்கானை ஒடித்தேன்,
படகு லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான்.
யாரும் சொல்லவில்லை.
தலைக்கு மேல் எதுவும் இல்லாத இடத்தில்
அவன் குனிந்தான்,
நல்ல கையை ஊன்றித் தவழ்ந்தான்,
மேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தான்.
எழுபத்தெட்டு கிலோ.
இந்தப் படகுக்கு அது தேவையே இல்லை.

அப்படியே இரு, என்று கத்தினேன்.
கேட்டதா தெரியவில்லை.
இருந்தான்.